உன் முறை வந்து ஆறு வாரம் ஆகிறது

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை என்கிறாள். மார்ச் முடியப்போகிறது, வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. போன ஞாயிறு பென் ஹில்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். புளியோதரை வரிசையில் நின்றபோது உன்னோடு படித்த பையனின் அப்பா உன்னை விசாரித்தார். கொலராடோவில் நல்ல வேலையில் இருக்கிறான், குட்டிக்கு ஆறு வயது என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கே அவ்வளவுதான் தெரியும்.

பழைய அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை நாம் நால்வரும் முறை வைத்து ஆளுக்கோர் அணியாக எடுக்கிற நம் டிராஃப்ட் நோட்டு சாப்பாட்டு மேஜை மேல் திறந்தபடியே இருக்கிறது. பதினான்காவது சுற்று, உன் முறை. அவசரப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்த மறுவாரம் தொடங்கி, பனி உருகுவதற்குள் ஆளுக்கு 22 பேரை எடுத்து முடித்துவிடுவது நம் வீட்டு வழக்கம். இந்த வருடம் பனியும் போகவில்லை, நோட்டும் நிரம்பவில்லை. அவ்வளவுதான்.

நீ வால்டர் பேட்டன் பெயரை இரண்டாம் முறை சொன்னது பெரிய விஷயமே இல்லை. நான்கு பேர் எடுத்து ஐம்பது பெயருக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றாவது சுற்றில் எடுத்தது பதினான்காவது சுற்றில் யாருக்கு நினைவிருக்கும்? அக்கா அந்தச் சிரிப்புப் படத்தை அனுப்பியிருக்க வேண்டாம். அவளிடம் சொல்லிவிட்டேன். பேட்டன் மேல் உனக்கு அவ்வளவு ஆசை. 13 வருடத்தில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஆடி, 16,726 யார்டு ஓடிய மனிதர். இரண்டு முறை எடுத்தால்தான் என்ன?

ஆனால் கண்ணு, முதல் சுற்றிலேயே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வருடா வருடம் நீதான் ஜிம் பிரவுனை எடுப்பாய். ஒன்பது சீசன் ஆடி, எட்டில் ரன்னிங்கில் முதலிடம், பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறைக்கும் சராசரி 5.2 யார்டு, 30 வயதில் போதும் என்று இறங்கிப் போனவர் என்று எனக்கு நீயே சொல்லிக் கொடுத்தாய். அக்கா டாம் பிரேடியை எடுத்தாள். சித்தப்பா லாரன்ஸ் டெய்லர். மூன்றாவது நீ. பிரவுன் இருக்கிறார், நீ ஜெர்ரி ரைஸ் என்றாய். ரைஸ் தப்பில்லை. பந்தைப் பிடித்து அவர் சேர்த்த 22,895 யார்டை இனி ஒருவர் தாண்டுவார் என்று நான் நினைக்கவில்லை. கொத்தனார் அப்பாவுக்குச் செங்கல் பிடித்துக் கொடுத்துப் பழகிய கை என்று சொல்லித்தானே உனக்குப் பின்கட்டில் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஆனாலும் பிரவுனை எனக்காக விட்டுவைத்தாயா, இல்லை, அவர் நினைவுக்கே வரவில்லையா? சுற்றுக்குச் சுற்று வரிசை திரும்புவதால் நாலாவதும் ஐந்தாவதும் என் முறை. பிரவுனையும் ஜானி யுனைடஸையும் எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இல்லை.

நன்றாகத் தூங்குகிறாயா? இரவு பன்னிரண்டுக்கு மேல் கம்ப்யூட்டர் வேண்டாம். தூக்கம்தான் முக்கியம்.

யுனைடஸை எடுத்தால் நீ சண்டைக்கு வருவாய், இந்த முறை வரவில்லை. பிரேடிக்கு ஏழு சூப்பர் பவுல், மொன்டானாவுக்கு நான்கு, யுனைடஸுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பாய். நான் பழைய கதையைத் தொடங்குவேன். பிட்ஸ்பர்க்கில் பிறந்த பிள்ளை. 1955இல், அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் நிஜ டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில் நம் ஊர் அணி ஸ்டீலர்ஸே எடுத்து, ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் வெளியே அனுப்பியது. அந்த மனிதர் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே புளூம்ஃபீல்டில் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். அடுத்த வருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது. தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் பாஸ், அதாவது புள்ளி எடுத்துத் தரும் எறிதல். அந்தச் சாதனை 2012 வரைக்கும் நின்றது. இதைச் சொல்லும்போதெல்லாம் 'அப்பா, போதும்' என்பாய். அந்தச் சத்தம் இல்லாமல் இந்த வருடம் வீடு என்னவோ போல் இருக்கிறது.

அந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் பந்து எறிந்த வலது கையின் விரல்கள் வேலை செய்யவில்லை. 2002 செப்டம்பர் 11 அன்று போய்ச் சேர்ந்தார். அதே மாதம் 24ஆம் தேதி ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டரும் போனார்.

வெப்ஸ்டரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கவனித்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் ஐந்தாவது சுற்றில் நான் வெப்ஸ்டரைத்தான் எடுப்பேன், ஏனென்றால் 1974இல் ஸ்டீலர்ஸ் அவரை எடுத்ததும் ஐந்தாவது சுற்றில்தான். ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என்று ஒரே டிராஃப்டில், ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெருமைப் பட்டியலில் இடம்பிடித்த நான்கு பேர். அப்படி ஒரு டிராஃப்டை வேறு எந்த அணியும் செய்ததில்லை. இந்த வருடம் ஐந்தாவது சுற்றில் வேறு பெயரைச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், பார்க்கலாம் என்றேன். பதினான்காவது சுற்றில் டைட் எண்ட் இடத்துக்கு ஜான் மேக்கியை எடுத்தேன். பிறகுதான் உறைத்தது, அவரும் நினைவு மங்கிப் போனவர்தான். அவருடைய 88ஆம் நம்பர் பெயரில்தான் லீக்கும் வீரர்கள் சங்கமும் டிமென்ஷியா வந்த பழைய ஆட்டக்காரர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. நோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு நீதான் ஓட்டினாய். நம் எக்ஸிட்டைத் தாண்டிப் போனாய். இருட்டு, மழை, யாருக்கும் நடக்கும். மறுநாள் குட்டி ஸ்பூனைக் கீழே போட்டதற்கு நீ போட்ட சத்தத்தில் அவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் நீயே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி மாடிக்குப் போய்விட்டேன். மருமகள் அம்மாவிடம் போனில் மெதுவாகப் பேசுகிறாள், நான் வந்தால் இருவரும் பேச்சை மாற்றுகிறார்கள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் குறை சொல்லவில்லை.

நான் 1984இல் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி ஆனால் தெருவே வெறிச்சோடிப் போகும். வேலை செய்த இடத்தில் திங்கட்கிழமை யாரோடாவது பேச வேண்டுமானால் அந்த ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன். முதலில் என் கண்ணில் பட்டது வெப்ஸ்டரின் 52ஆம் நம்பர். கடுங்குளிரிலும் கை தெரிகிற சட்டையோடு நிற்பார். அவர் சென்டர், பந்தைக் காலுக்கு நடுவே பின்னால் கொடுத்த அதே நொடியில் எதிரே இருப்பவனைத் தலையால் முட்ட வேண்டும். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை. பந்தை எடுத்து ஓடுபவனுக்குக் கைதட்டல், சென்டருக்கு ஒன்றும் கிடையாது. அந்த வேலையைப் பதினைந்து வருடம் ஸ்டீலர்ஸுக்காகச் செய்தார். வெளியூரிலிருந்து வந்து, யாரும் பெயர் தெரியாத இடத்தில் உழைத்துக்கொண்டிருந்த எனக்கு அவரைப் பிடித்துப் போனது. நீ பிறந்தது 1989 ஜனவரி, அவர் ஸ்டீலர்ஸுக்கு ஆடிய கடைசி சீசன் முடிந்த கையோடு. உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கதையைத்தான் சொன்னேன். பள்ளி அணியில் 52 வேண்டும் என்று கேட்டது நீ. கேட்க வைத்தது நான்.

உன் அணியில் நம்மவன் நீ ஒருவன்தான். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கோயிலில், தீபாவளி விழாவில், யார் என்ன பேசினாலும் அந்தப் பேச்சை உன் ஆட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். மற்ற பிள்ளைகள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் சொன்னார்கள், நான் நீ எத்தனை பவுண்டு தூக்குகிறாய் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பெருமை போகவில்லை. போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

2006 அக்டோபர், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம். இரண்டாவது குவார்ட்டரில் அடிபட்டு எழுந்து வந்து, கோச்சிடம் தமிழில் பேசினாய். "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்று அந்த வெள்ளைக்காரரைப் பார்த்துக் கேட்டாய். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் கெஞ்சினால்கூடத் தமிழ் பேசாத பையன் அல்லவா.

டாக்டர் மூன்று வாரம் மைதானத்துக்கே போகக் கூடாது என்றார். இரண்டாவது வாரம் பிளேஆஃப், தோற்றால் வெளியே. ஒரு தாள் கொடுத்தார்கள், பெற்றோர் நிரப்ப வேண்டியது. தலைவலி இருக்கிறதா, இல்லை. வாந்தி இருக்கிறதா, இல்லை. தூக்கம் சரியாக இருக்கிறதா, ஆம். மூன்றிலும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். முந்தைய நாள் இரவு இரண்டு மணிக்கு நீ பாத்ரூமில் வாந்தி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அம்மா காலையில் கேட்டபோது டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன். நீ ஆட ஆசைப்பட்டாய், உண்மைதான். பதினேழு வயதுப் பிள்ளை ஆசைப்படத்தான் செய்வான். நான் அப்பா.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அதற்கு முந்தைய வருடமே வெப்ஸ்டரைப் பற்றிப் படித்திருந்தேன். நம் கவுண்டி பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர் அவருடைய மூளையை ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்ததென்று 2005இல் கட்டுரை வெளியிட்டார். அதற்கும் முன்பே, நான்கு சூப்பர் பவுல் ஜெயித்த மனிதர் வண்டியிலேயே தூங்கினார், தூக்கம் வராமல் தவித்தார், 50 வயதில் இறந்தார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். படித்துவிட்டு, அவர் புரொஃபஷனல், இவன் பள்ளிப் பையன் என்று பேப்பரை மடித்து வைத்தேன். தலையில் அடிபட்ட பிள்ளையை டாக்டர் எழுதித் தராமல் இறக்கக் கூடாது என்று பென்சில்வேனியாவில் சட்டம் வந்தது 2011இல். ஆனால் அந்த ராத்திரி வாந்தி சத்தம் கேட்டவனுக்குச் சட்டம் எதற்கு?

போன செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உனக்கு எழுதச் சொன்னாள்.

நீ பயப்பட வேண்டும் என்று எழுதவில்லை. வெப்ஸ்டருக்கு வந்த அந்த நோயை உயிரோடு இருப்பவரிடம் இருக்கிறதென்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆடியவர்கள் எல்லோருக்கும் வருவதும் இல்லை. மறதியும் கோபமும் தூக்கம் கெட்டாலும் வரும், மனச்சோர்வாலும் வரும், அவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. ஒரு நரம்பியல் டாக்டரைப் பார். 2006இல் என்ன நடந்தது என்று கேட்பார்கள். உனக்கு அந்த வாரம் சரியாக நினைவில் இருக்காது. எனக்கு இருக்கிறது, தேதி வாரியாக. நானும் கூட வந்து உட்கார்ந்து சொல்கிறேன். தாளில் நான் பொய் எழுதினேன் என்பதையும் சொல்கிறேன். உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பிட்ஸ்பர்க்கில் தலைக்காயத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது, இங்கே வந்து பார்த்தாலும் சரி. எங்கே என்பது உன் இஷ்டம். டாக்டரைப் பார். தூங்கு. ராத்திரியில் தனியாக நெடுந்தூரம் ஓட்டாதே.

அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் அனுப்பியிருக்கிறாள். எள்ளுருண்டை குட்டிக்கு. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து எங்களுக்கு இங்கே வேலை ஒன்றுமில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு. நோட்டில் உன் பெயருக்கு எதிரே இரண்டாவதாக எழுதிய பேட்டனை அழித்துவிட்டேன். உன் அணியில் சேஃப்டி என்ற தடுப்பு இடத்துக்கு இன்னும் ஆள் இல்லை. எட் ரீட் அப்படியே இருக்கிறார், நம் ஸ்டீலர்ஸின் எதிரி அணியான ரேவன்ஸ்காரர் என்பதால் நம் வீட்டில் யாரும் தொடவில்லை. எதிரணி எறிந்த பந்தை 64 முறை பறித்தவர். சித்தப்பாவின் கண் அவர் மேல்தான். நீ சொல்லும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.