வழுக்கிய கோல்: மஞ்சக்குப்பம் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் திருப்பிக் கொடுத்தனுப்பிய என் துப்பறியும் புத்தகம் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தது. நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்குச் செருகியிருந்தீர்கள். அதற்கு மேல் போகவில்லை என்று புரிந்துகொண்டேன். போனில் கேட்டதற்கு, "ஏன்டி, பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். சாப்பிட்டுட்டுப் படிக்கிற மாதிரி ஒண்ணு குடேன். எங்க வயசுல ஒருத்தி, நாலு ஊர் சுத்துறவளா, கொஞ்சம் ஆடிப் பாடுறவளா இருந்தா தேவலை" என்றீர்கள். இதையே கேட்கிற அத்தைகளும் சித்திகளும் எனக்கு இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்ட சரக்கு இங்கிலீஷில் தனி ரகமாகவே இருக்கிறது. 'கோஸி மிஸ்டரி' என்பார்கள். கொலை உண்டு, ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும். போலீஸ்காரர் வந்து தப்பான ஆளைப் பிடிப்பார். ஊர் வம்பெல்லாம் தெரிந்த ஒருவர், யாரும் கேட்காமல், சம்பளமும் வாங்காமல் முடிச்சை அவிழ்த்துவிடுவார். அவர் பெரும்பாலும் ஒரு பெண், அதிலும் கொஞ்சம் வயசான பெண்.

இந்த ரகத்தின் பெரிய பாட்டி என்றால் இங்கிலாந்து எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள்தான். 1927-ல் வந்த, மார்ப்பிளின் முதல் கதையில் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்ப்பிள் வீட்டில், அவர் உறவுப் பையனும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மர்மம் சொல்லலாம், மற்றவர்கள் விடை கண்டுபிடிக்கலாம் என்று பேச்சு. தலையை எண்ணுகிறார்கள். ஐந்து. ஆறாக இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறாள் ஒரு பெண். என்னை விட்டுவிட்டாயேம்மா என்கிறார், பின்னல் வேலை செய்துகொண்டிருந்த கிழவி. அவர் வீட்டிலேயே அவரை எண்ணவில்லை! அப்புறம் அந்த மர்மத்துக்கு விடை சொன்னதும் அவர்தான். மற்றவர்கள் பணம், காதல் என்று எங்கெங்கோ போக, இவர் மட்டும் அன்றைய சாப்பாட்டில் இனிப்பின் மேல் என்ன தூவியிருந்தார்கள் என்று யோசித்தார்.

"அவங்க உட்கார்ந்து பின்னிக்கிட்டே இருக்காங்களே" என்று நீங்கள் அலுத்துக்கொண்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் பின்னால் வந்த கதைகளில் அந்தம்மா கொஞ்சம் வெளியே கிளம்புகிறார். 1964-ல் வந்த நாவலில் கரீபியன் தீவு ஒன்றில் ஓய்வெடுக்கப் போகிறார். 1971-ல் வந்ததில், பழைய மாளிகைகளும் தோட்டங்களும் பார்க்கிற பஸ் டூர். அதை எழுதும்போது கிறிஸ்டிக்கே எண்பது வயசு. நடனமும் உண்டு. 1942 நாவலில் ஓட்டலில் ஆடுகிற ஒரு பெண் காணாமல் போவதில்தான் சிக்கல். ஆனால் மார்ப்பிள் ஆட மாட்டார். ஒத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க டிவியில் 1984-லிருந்து 1996 வரை 'மர்டர், ஷீ ரோட்' தொடரில் வந்த ஜெசிக்கா ஃபிளெச்சர் உங்களுக்கு இன்னும் நெருக்கம். ரிட்டயர்ட் டீச்சர், கணவர் இல்லை, துப்பறியும் கதை எழுதுகிறவர். ஊர் ஊராகப் போவார், போன இடமெல்லாம் ஒரு பிணம் விழும். நம்ம பக்கம் என்றால் ராசியில்லாதவர் என்று வளைகாப்புக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

நம் தமிழில்? தேவனின் துப்பறியும் சாம்பு பேங்க் குமாஸ்தா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பாட்டிகளுக்கு என்ன வேலை கொடுத்தோம்? காப்பி கொடுப்பார்கள், இல்லையென்றால் நகைக்காகச் செத்துப்போவார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஏனென்றால் உங்கள் நவக்கிரக டூர் கதை எனக்குத் தெரியும். சேத்தியாத்தோப்பு தாண்டி வேன் பஞ்சர். டிரைவர் சக்கரம் மாற்றுகிற அரை மணி நேரத்தைச் சும்மா விடுவானேன் என்று, புளியமரத்தடியில் பத்து பேரும் கோலாட்டக் கோலை எடுத்திருக்கிறீர்கள். ஆடி முடித்துத் தூக்கைத் திறந்தால் புளியோதரை பாதிதான் இருக்கிறது. எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். நீங்கள் தூக்கின் மூடியைப் பார்த்தீர்கள். டிரைவர் தம்பி கையெல்லாம் கிரீஸ், மூடியிலோ ஒரு பொட்டுக் கறை இல்லை. அப்புறம்தான் உங்களுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. ஆட்டத்தில் ஒருத்தி கையிலிருந்து கோல் இரண்டு தடவை நழுவியது. எடுத்துக் கொடுத்தது நீங்கள். கோலில் நல்லெண்ணெய்ப் பிசுபிசுப்பு, பெருங்காய வாசனை, பிடியில் ஒட்டிய வேர்க்கடலைத் தோல்.

கண்டுபிடித்துவிட்டு என்ன செய்தீர்கள்? "பசி தாங்கல, நான்தான் ரெண்டு வாய் எடுத்தேன்" என்று பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டு, மீதியைப் பத்தாகப் பிரித்தீர்கள். மார்ப்பிள்கூட இதைச் செய்திருக்க மாட்டார்.

அதனால் இனி என்னிடம் புத்தகம் கேட்காதீர்கள், எழுதுங்கள். களம்கூட யோசித்து வைத்திருக்கிறேன். நம்ம கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயில், முகூர்த்த நாள். அடுத்தடுத்து கல்யாணம், எந்த மேளம் யாருக்கு என்று தெரியாது. ஒரு மொய்ப் பை காணோம். அங்கே பட்டுப்புடவை கட்டிய அறுபத்தெட்டு வயசு அம்மா ஒருவர் நுழைந்தால் யார் தடுப்பார்கள்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பாட்டி என்று நினைப்பார்கள். எந்தப் பந்தியிலும் உட்காரலாம், எந்தப் பேச்சையும் கேட்கலாம். போலீஸுக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் வருகிறேன். கோடு போட்ட நோட்டு இரண்டு வாங்கி வருகிறேன். சாயங்காலம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் பேசலாம்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி. அந்த வழுக்கிய கோல் யாருடையது என்று இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை. அந்த டூர் போய்வந்ததிலிருந்து புளியோதரை என்றாலே அம்மா பேச்சை மாற்றுகிறாள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்