வெயிலில் கட்டம் போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி மேஸ்திரி அண்ணனுக்கு. வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முற்றத்து சிமெண்ட் தரையில் 0 முதல் 20 வரை கட்டம் போட்டுத் தந்தீர்கள். கூலி வேண்டாம் என்றீர்கள். அந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் 4+3 என்றால் எப்போதும் 6 என்றே எழுதுவான், நானும் மாதக்கணக்கில் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே இருந்தேன். கட்டத்தில் குதிக்கச் சொன்ன அன்றுதான் காரணம் தெரிந்தது: 4-இல் நின்றுகொண்டு, நிற்கிற கட்டத்தையே "ஒன்னு" என்று எண்ணிவிட்டு மேலே இரண்டு முறைதான் குதித்தான். கட்டத்தை எண்ணாதே, குதிப்பை எண்ணு என்றேன். மறுபடி குதித்து 7-இல் போய் நின்றவன் கீழே குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்துணவுக்கூட ஆயா அவர்களுக்கு, பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதிக்காமல் ஒற்றைக்காலில் தாண்டும் விதத்தைப் பிள்ளைகளுக்கு ஆடியே காட்டினீர்களே, அதை வைத்துத்தான் இரண்டு இரண்டாகவும் ஐந்து ஐந்தாகவும் தாண்ட வைத்தேன், வாய்ப்பாடு காலில் ஏறிவிட்டது.

அப்புறம், பள்ளி முடிந்தபின் வீட்டருகே பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் தங்கைக்கு. பள்ளியில் ஆடியதையே மாலையில் தெருவிலும் ஆட வைத்தாய். ஒருவர் ஓர் எண்ணைக் கத்த, அத்தனை பேராகக் கூட்டம் சேரும் ஆட்டம் உன் யோசனை. 26 பேர் ஓடி நான்கு நான்காகச் சேர்ந்தால் 6 கூட்டம், 2 பேர் மீதி. மீதியானவர்கள் முகம் வாடக்கூடாது என்று அடுத்த எண்ணை அவர்களையே கத்தச் சொன்னதும் நீதான். வகுத்தலில் மீதி என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் விளக்கவே இல்லை.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது ஆடல் பாடலோடு கற்பிக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் இருந்தது, இடம்தான் இல்லை. முற்றத்தைத் திறந்துவிட்டு, சத்தம் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாத தலைமையாசிரியர் அம்மாவுக்கும், "பிள்ளைங்க விளையாடிட்டேதானே இருக்குதுங்க" என்று கேட்க வந்து, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நடக்க முடியாத தன் மகளும் ஆட வேண்டும் என்று சக்கர நாற்காலியோடு வந்த தாய்க்கும் மனமார்ந்த நன்றி. அவள் சக்கரத்தை உருட்டிக் கட்டங்களைக் கடக்கிறாள், மற்றவர்கள் கூடவே எண்ணுகிறார்கள்.

அண்ணே, மழையில் 13-க்கு மேல் பெயிண்ட் அழிந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒருமுறை வாருங்கள். 100 வரை போட்டுவிடலாம், பெயிண்ட் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
இரண்டாம் வகுப்பு டீச்சர்