லீக் ஆன கேம்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்.

எங்கள் கேமின் சோர்ஸ் கோடு, அதாவது நாங்கள் எழுதிய மூல நிரல், போன வாரம் வெளியே போய்விட்டது. யார் வேலை என்று இன்னும் தெரியவில்லை. எல்லோருடைய லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்று, கீயை மாற்று என்று ஒரே அமர்க்களம். விளையாடுகிறவன் அனுப்புவதில் எங்கள் சர்வர் எதைச் சரிபார்க்கிறது, எதை அப்படியே நம்புகிறது என்று நான் எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது. கேம் வருவதற்கு முன்பே, ஏமாற்றி ஜெயிக்கப் பார்க்கிறவன் பாடம் படித்து முடித்துவிடுவான். அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

நீயோ, "ஹாஃப்-லைஃப் 2கூடத்தான் லீக் ஆச்சு, ஓடாமலா போச்சு?" என்று மெசேஜ் அனுப்புகிறாய். ஓடியது ஐயா. ஆனால் கதையைச் சரியாகச் சொல். 2003 மே மாதம் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் அந்த கேமைக் காட்டி, செப்டம்பர் 30 ரிலீஸ் என்றார்கள். அதற்குள் யாரோ அதைத் தயாரித்த வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல்லின் மெயிலுக்குள்ளேயே புகுந்துவிட்டான். அக்டோபரில் கோடு வெளியே வந்தது. திருடிய ஜெர்மன் பையன் பிறகு நியூவெல்லுக்கே எழுதி வேலை கேட்டான்! நம்ம பாஸ்கர்கூட இந்த அளவுக்குப் போனதில்லை. கேம் வந்தது 2004 நவம்பர் 16.

அந்த ஓராண்டுத் தாமதத்தை முழுக்கத் திருட்டின் தலையில் கட்டுகிறார்கள். செப்டம்பர் 30 தவறப்போகிறது என்பது லீக்குக்கு முன்பே தெரிந்துவிட்டது. கோடு வெளிவந்த பிறகு, இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்பதை ஊரே பார்த்தது.

என் தூக்கம் போவதும் அதனால்தான். நாங்களும் தீபாவளி என்று அறிவித்திருக்கிறோம். டிரெய்லரில் அந்தக் கடைசிச் சண்டையைப் பார்த்து வாயைப் பிளந்தாயே, கோடில் அந்தச் சண்டைக்கான பகுதியைத் திறந்தால் "பிறகு எழுதணும்" என்று எங்களுக்கு நாங்களே எழுதிய ஒரே ஒரு குறிப்புதான் இருக்கும். ஜிடிஏ 6 என்ற கேம் பாதி வேலையில் இருந்தபோது எடுத்த வீடியோக்கள் 2022 செப்டம்பரில் லீக் ஆனபோது, அரைகுறைச் சுவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! வேறு கம்பெனிக்காரர்கள் தங்கள் கேம் ஆரம்பத்தில் இருந்த லட்சணத்தைப் போட்டுக் காட்டி ஆதரவு கொடுத்தார்கள். எங்களுக்கு யார் கொடுப்பார்கள்?

அப்புறம், "லீக் வெர்ஷன்" என்று எவனாவது லிங்க் அனுப்பினால் உன் பையனைத் தொட விடாதே, வைரஸாக இருக்கும். தேதி தள்ளிப்போனால் உனக்குத்தான் முதலில் சொல்வேன். பாஸ்கரிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
ரவி