மலருக்கு, ஹூகோ போடுவது பற்றி

அன்புள்ள மலர்,

புது கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, பறவைக் குறிப்புகளுக்கு ஒரு வெப்சைட் வேண்டும், ஆனால் வேர்ட்பிரஸ் வேண்டாம் என்றாய். நல்ல முடிவு. வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதப் போகிறவளுக்கு டேட்டாபேஸ் எதற்கு? போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஜெக்கிலா ஹூகோவா என்று கேட்டாயே. இரண்டுமே நீ எழுதும் குறிப்புகளை வெப்சைட்டாக மாற்றித் தரும் புரோகிராம்கள். ஜெக்கில் 2008-லிருந்து இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதலில் ரூபி மொழி, அப்புறம் பண்ட்லர், அப்புறம் ஜெம்கள் எனப்படும் ரூபி துணைப் பொதிகள் என்று ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். ஹூகோ, கோ மொழியில் எழுதியது. ஒரே ஒரு ஃபைல், அவ்வளவுதான்.

டெர்மினலைத் திறந்ததும் உன் கை 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹூகோ' என்று அடிக்கப் போகும். பொறு. மின்ட் நிற்பது உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல். அது வெளிவந்த காலத்து ஹூகோதான், ஆப்ட் புரோகிராம்களை எடுக்கும் களஞ்சியத்தில் கிடைக்கும். சைட்டுக்குத் தோற்றம் தரும் இன்றைய தீம்கள் பலவும் அதைவிடப் புதியதைக் கேட்கும். உபுண்டுவின் இன்னொரு இன்ஸ்டால் வழியான ஸ்னாப்பில் போடலாமே என்பாய். மின்ட் 20-லிருந்தே ஸ்னாப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையை எடுக்க மெனக்கெட வேண்டாம்.

நேராக கிட்ஹப்பில் ஹூகோவின் ரிலீஸ் பக்கத்துக்குப் போ. பெயரில் 'எக்ஸ்டெண்டட்', 'லினக்ஸ்', 'ஏஎம்டி64' மூன்றும் இருக்கிற டெப் ஃபைலை, அதாவது இன்ஸ்டால் செய்யும் ஃபைலை இறக்கு. உன்னுடையது இன்டெல் புராசசர்தான், இருந்தாலும் ஏஎம்டி64தான் சரி, அந்தப் பெயர் இரண்டு வகைக்கும் பொது, குழம்பாதே. எக்ஸ்டெண்டட் எதற்கென்றால், சாஸ் என்ற ஸ்டைல் மொழியில் எழுதிய தீம்கள் அது இல்லாமல் முரண்டு பிடிக்கும். இறக்கிய ஃபோல்டரிலிருந்து ஆப்ட் இன்ஸ்டால் கொடுக்கும்போது ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடு. விட்டால் ஆப்ட் அதைக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லையே என்று கைவிரிக்கும். 'ஹூகோ வெர்ஷன்' அடித்து எக்ஸ்டெண்டட் என்று வருகிறதா பார். இப்படிப் போட்டது வழக்கமான அப்டேட்டில் தானாகப் புதுசாகாது. வேண்டும்போது நீயேதான் இறக்கிப் போட வேண்டும். அதுவும் ஒருவிதத்தில் நல்லதே, நேற்று ஓடிய சைட் இன்று காலையில் உடையாது.

'ஹூகோ நியூ சைட்' கொடுத்து, பிடித்த ஒரு தீமைச் சேர்த்து, 'ஹூகோ சர்வர்' ஓட்டினால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313-ல் பக்கம் வரும். முதல் குறிப்பை எழுதிவிட்டுப் பார்த்தால் அது மட்டும் வராது! ஃபைலின் தலையில் 'டிராஃப்ட் = ட்ரூ' என்று ஹூகோவே எழுதி வைத்திருக்கும். அதை ஃபால்ஸ் ஆக்கு, அல்லது எழுதி முடிக்கும்வரை சர்வர் கட்டளையோடு மைனஸ் பெரிய டி சேர்த்துக்கொள். நாளைய தேதி போட்டிருந்தாலும் பக்கம் வராது.

இன்னொன்று. ஃபைலுக்கு 'மீன்கொத்தி' என்று தமிழில் பெயர் வைக்கத் தோன்றும். வைத்தால் வேலை செய்யும், ஆனால் அந்த லிங்கை காப்பி செய்து வாட்ஸப்பில் போட்டால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், தலைப்பு தமிழில் இருக்கட்டும்.

வெறும் 'ஹூகோ' என்று அடித்தால் முழு சைட்டும் 'பப்ளிக்' ஃபோல்டரில் வந்து உட்காரும். அதை எங்கே ஏற்றுவது என்று நாலைந்து குறிப்பு எழுதிய பிறகு பேசலாம். அதுவரை தினம் ஒரு தீமாக மாற்றிக்கொண்டு உட்காராதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா