டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடும் முன்: கொளப்பள்ளி லைன் வீட்டு உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியின் கொளப்பள்ளியிலும் சுற்றுப்பக்கத்துத் தேயிலைத் தோட்ட டிவிஷன்களிலும் இருக்கிற, இருந்துவிட்டு வெளியூர் போன அண்ணன், அக்கா, மாமா, அத்தை, தம்பி, தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மழைக்காலத்தில் நம் லைனில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு காலியானது. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் வேலைக்குப் போய் வெகுநாள் ஆகிறது. தனியாக இருந்த அம்மாவையும் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியில் ஏற்றியது போக மிஞ்சிய சாமான் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதில் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தது. கடைக்காரர் பெட்டியை எடை போட்டுவிட்டு, உள்ளே இருந்த காகிதங்களை ஓரமாகக் கொட்டி வைத்திருந்தார். வேறு வேலையாகப் போன நான் அந்த ஈரக் குவியலில் ஒரு கெட்டி அட்டையைப் பார்த்து எடுத்தேன். இலங்கையின் கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். உள்ளே ஒரு பெண், மடியிலும் இரண்டு பக்கமும் மூன்று குழந்தைகள். நால்வரும் கேமராவைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தார்கள்.

அந்த வீட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். "யாருன்னு தெரியலண்ணே, அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனா அம்மாவுக்கு இப்ப எங்க முகமே மறந்துபோச்சு" என்றான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாம் எப்படி இந்த ஊருக்கு வந்தோம் என்று கேட்டால், படித்த பிள்ளைகள் 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து வேலைக்குப் போனவர்களின் வழியில் வந்து, 1948-ம் வருடச் சட்டத்தால் அங்கே குடியுரிமை இழந்து நின்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று அதில் எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேர். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாம் முழு எண்கள். அந்த எண்களுக்குள் என் அப்பாயி இருக்கிறாள், இடுப்பில் நான் இருக்கிறேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் இந்த மழை மலைக்கு வந்தோம். நம்மைப் போல் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போடத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ பிறந்த கதை அதுதான்.

இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதாமல் விட்டது எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அந்தத் தோட்டத்துக்கு எந்த ஊரிலிருந்து போனது, வழியில் யாரைப் பறிகொடுத்தது என்பதெல்லாம். அது நம் பெட்டிகளிலும் நம் கிழவிகளின் வாயிலும் மட்டுமே இருக்கிறது.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்த துரைமார்களின் பெயர், வயது, என்ன காய்ச்சலில் போனார்கள் என்பதுகூடக் கல்லில் இருக்கிறது. அவர்களின் வாரிசுகள் கடல் தாண்டி வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை. அதே மரியாதை தேயிலைக்கு நடுவில் புதைத்த நம் ஆட்களுக்கும் வேண்டும் என்கிறேன். நம்மிடம் கல் இல்லை, காகிதம் இருக்கிறது.

என் குடும்பத்தைத் தேடிய கதையைச் சொல்கிறேன், அப்போதுதான் நான் எதைக் கேட்கிறேன் என்று புரியும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பூர்வீக ஊர் ஒன்று எழுதியிருக்கிறது. தாலுகா முசிறி. ஊர்ப் பெயரை ஏதோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவிட்டார். அந்த எழுத்தைத் திருப்பித் தமிழில் படித்தால் மூன்று ஊருக்குப் பொருந்துகிறது. இரண்டு ஊருக்குப் போய் வெறும் கையோடு திரும்பினேன். பெயரைச் சொல்லிக் கேட்டும் பயன் இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். தாத்தா பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

அப்புறம்தான் அப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது. குலசாமி ஏழு கன்னிமார், பக்கத்தில் ஒரு காட்டுவாரி ஓடும், கருப்புக்குக் கடா வெட்டும்போது கன்னிமார் கண்ணில் படாமல் திரை கட்டணும், அந்தத் திரையை நம்ம வகையறாதான் பிடிக்கணும். சின்ன வயதில் இதை நூறு தடவை கேட்டிருப்பேன், கதை என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து கன்னிமார் கோயில், வாரி, திரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திரை பிடிக்கிற வகையறாவில் ஒரு கிளை கண்டிச் சீமைக்குப் போச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவார். கண்டிக்காரன் வகையறான்னு பேரு. நீ அவுகளா?" என்றார்.

அவர் எனக்குப் பங்காளி முறை. அன்று மாலை கோயிலில் நின்றபோது அப்பாயியை நினைத்து அழுதேன். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் முசிறி வரை போயிருக்க மாட்டேன். கிழவியின் பேச்சு இல்லாவிட்டால் முசிறியிலிருந்து வெறுங்கையோடு வந்திருப்பேன். இரண்டும் சேர்ந்துதான் என்னை அந்த வாசலில் நிறுத்தின.

ஆகவே முதலில் வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் குலசாமியைக் கேளுங்கள். சாமி பெயர் மட்டும் போதாது, மாரியம்மனும் மதுரைவீரனும் எல்லா ஊரிலும் உண்டு. கோயில் எப்படி இருக்கும், எந்த மாதம் கும்பிடுவார்கள், யார் பூசாரி, எதைச் செய்யக் கூடாது, நம் வகையறாவுக்கு என்ன உரிமை என்று கேளுங்கள். குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை, பிடிமண் என்று, இலங்கைக்குக் கொண்டுபோன வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து இங்கேயும் கொண்டுவந்தார்கள். நம் லைனுக்கு மேலே இருக்கும் சின்னக் கோயிலில் யார் வீட்டு மண் இருக்கிறது என்று இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது ஒப்பாரி. இதை யாரும் ஆவணம் என்று நினைப்பதில்லை. ஆனால் நம் கிழவிகள் எழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு பாடும்போது பிறந்த ஊர், போன தோட்டம், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியின் பெயர், கடலில் தவறியவர், காய்ச்சலில் போன பிள்ளை எல்லாம் வரிசையாக வரும். என் அம்மாயியின் ஒப்பாரியில் ஒரு தங்கையின் பெயர் வரும். எந்தக் காகிதத்திலும் அந்தப் பெண் இல்லை. பாட்டில் மட்டும்தான் அவள் உயிரோடு இருந்தாள், அம்மாயி போனதும் அதுவும் போயிற்று. நான் பதிவு செய்யவில்லை. அந்தக் குறை எனக்குச் சாகும்வரை இருக்கும். எழவு வீட்டில் போனை நீட்டச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாட்டைக் கொஞ்சம் சொல்லு ஆயா" என்று கேட்டால் சொல்வார்கள்.

காகிதத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, அங்கிருந்து வந்த கடிதங்கள், எதையும் வீசாதீர்கள். உறை கிழிந்திருந்தாலும் தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அது ஹட்டனா, பதுளையா, நாவலப்பிட்டியா என்று தெரிந்துவிடும். கழுத்தில் கட்டிய தகர வில்லை எந்த வீட்டிலாவது இருந்தால் அதைப் பொன்போல வையுங்கள். இங்கிருந்து இலங்கைக்கு ஆள் பிடித்துப்போன காலத்தில் அந்த வில்லையில் தோட்டத்தின் குறியையும் எண்ணையும் பொறித்துக் கொடுத்தார்கள்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்தில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கும், நம் ஆட்கள் வாயில் வேறு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும், இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. கிழவி சொல்லும் தோட்டம் வரைபடத்தில் இல்லை என்றால் அவருக்கு மறதி என்று முடிவு கட்டாதீர்கள். இலங்கையில் அச்சான ஃபெர்குசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் தொகுத்திருக்கிறார்கள். பல சமயம் கிழவி சொன்னதுதான் சரியாக இருக்கும்.

நம் ஊர் மழைக்குக் காகிதம் தாங்காது. பாலித்தீனில் இறுகக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். யானை வந்து சுவரை இடித்த வீட்டில் அரிசியோடு சேர்ந்து காகிதமும் போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொளப்பள்ளியின் கதை நம்மோடு தொடங்கவில்லை. நாம் வரும்போது இது ஆளில்லாக் காடு என்று நம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கிறேன், அது தப்பு. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வயநாட்டுச் செட்டிமாரும் மவுண்டாடன் செட்டிமாரும் நமக்கு வெகுகாலம் முந்தியவர்கள். இந்தப் பகுதி மலபாரின் வயநாட்டோடு இருந்தது, 1877-ல்தான் நீலகிரி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, சீக்கிரமே முழுகின. 1908-ல் வந்த மாவட்ட கெசட்டியரில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் நாம் தேயிலை நட்ட இந்தச் சரிவுக்குப் பணியர் வீட்டில் என்ன பெயர் சொல்வார்கள்? என் பணியர் நண்பன் ஒருவனின் அப்பா நான்கு ஓடைகளுக்குப் பெயர் சொன்னார். நாம் அந்த நான்கையும் எண் போட்டுக் கூப்பிடுகிறோம். ஊர்க் கதையை எழுதினால் அந்தப் பெயர்களும் அதில் வரவேண்டும், அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் வாயாலேயே.

சம்மதம் என்றதும் நினைவு வருகிறது. சில வீடுகளில் பேச்சு ஒரு இடத்தில் நின்றுவிடும். சாதி மாறிக் கல்யாணம் செய்து கப்பல் ஏறியவர்கள், அங்கே ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், பாஸ்போர்ட்டில் இடம் பிடிக்க அக்கா பிள்ளையைத் தன் பிள்ளையாக எழுதியவர்கள் உண்டு. அதை நோண்டிக் குரூப்பில் போடுவது வரலாறு ஆகாது. சொன்னால் எழுதி வையுங்கள், வெளியே விடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அட்டை எண் தெரியும் படங்களையும் கண்ட இடத்தில் பகிராதீர்கள்.

ஏன் இத்தனை அவசரம்? 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதி வனத்துறைக்குத் திரும்பும் என்று ஆணை வந்தது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்கள் லைனை விட்டு இறங்குகிறார்கள். வீடு, நிலம் பற்றிப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அதை வேறொரு நாள் பேசுவோம். இன்று எனக்குக் கண்ணில் நிற்பது, காலியாகும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெட்டி எடைக்குப் போகிறது என்பது மட்டும்தான். பெரியவர்களாகக் கப்பல் ஏறியவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

வரும் மாரியம்மன் திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் எல்லோரும் ஏறி வருவீர்கள். கொடி ஏறும் மறுநாள் காலை கோயில் திண்ணையில் இருப்பேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, படம் எடுக்க இரண்டு பிள்ளைகள், ஒரு பெரிய நோட்டு. பெட்டியோடு வாருங்கள். காகிதத்தை நான் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன், படம் எடுத்து அப்போதே உங்கள் கையில் தருவேன். வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதுவோம்: பூர்வீக ஊர், குலசாமி, போன தோட்டம், வந்த வருடம், யார் யார் வந்தார்கள், யார் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெண்களின் பெயரை "இன்னார் மனைவி" என்று எழுதாமல் அவர்கள் பெயரிலேயே எழுதுவோம். காகிதமே இல்லாதவர்கள் கிழவியை மட்டும் கூட்டி வந்தாலும் போதும். நடக்க முடியாதவர் என்றால் நான் வீட்டுக்கு வருகிறேன்.

அந்தப் பாஸ்போர்ட்டை நிழலில் காய வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. இடது பக்கம் நிற்கும் பையனுக்குப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. அவன் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பான், நம்மில் ஒருவனாக இருப்பான். தெரிந்தவர்கள் திருவிழா வரை காத்திருக்க வேண்டாம், எந்நேரமானாலும் வந்து கதவைத் தட்டுங்கள்.

அன்போடு,
உங்கள் லைனில் வளர்ந்தவன்,
கொளப்பள்ளி