தக்காளி மிஞ்சிய வீட்டிலிருந்து

சேலம்,
மாசி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் வீடு பிடித்து அண்ணனும் நீயும் குடிபோயாகிவிட்டது என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இங்கே மாசியிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நீ காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபிச் செடி பார்க்கிறாயாம்! சரி, அனுபவி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினவள் நீ.

எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் தக்காளிதான். வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் மொட்டை மாடி முழுக்கச் செடிப்பைகளை அடுக்கிவிட்டார். கார்த்திகையில் விட்ட நாற்று இப்போது காய்த்துக் கொட்டுகிறது. ராத்திரியும் சூடு தணியாமல் போனால் பூ உதிர்ந்துவிடும், சித்திரையில் ஒரு பிஞ்சு நிற்காது, அதனால் வருகிறபோதே சாப்பிட்டுவிட வேண்டும் என்கிறார். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் சூரமங்கலம் உழவர் சந்தையிலேயே சீந்துவார் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது இது காய்த்திருந்தால் தெருவில் எங்களுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்!

தொக்கு போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்கும் தொக்கு போட்டுக் கொடுத்தாயிற்று. ரசம் என்றாலே பேரன் தட்டோடு எழுந்து ஓடுகிறான். அப்போதுதான் மகள் வந்திருந்தவள் புருஸ்கெட்டா செய்து காட்டினாள். உன் பெண் இத்தாலியிலிருந்து அனுப்பிய படத்தில் இருக்கிறதே, ரொட்டித் துண்டின் மேல் தக்காளி, அதேதான். எப்படிச் செய்வது என்று நீ கேட்டிருந்தாய். உன்னிடம் ஓவன் இல்லை என்று கவலைப்படாதே, என்னிடமும் இல்லை.

பெயரைக் கேட்டு மிரளாதே. நம்ம ஊர் தட்டுவடை செட், அதுதான் இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தருவார்களே, அதன் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள். கீழே மொறுமொறு, மேலே ஈரம். கைக்கு வந்த உடனே வாய்க்குள் போக வேண்டும். இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் நமத்துப் போய் வீண். காலேஜ் விட்டு வரும்போது வண்டிக்காரரிடம் நாம் எப்படிச் சாப்பிட்டோமோ அப்படித்தான் இதையும் சாப்பிட வேண்டும், தட்டில் அடுக்கி மேஜைக்குக் கொண்டுவந்து வைத்து அழகு பார்க்கிற பண்டம் இல்லை.

பேக்கரியில் ஸ்வீட் பிரெட் வாங்காதே. சால்ட் பிரெட், அதுவும் வெட்டாத முழுசாக, முந்தின நாள் போட்டது இருந்தால் கேட்டு வாங்கு. விரல் கனத்துக்கு வெட்டி இரும்பு தோசைக்கல்லில், எண்ணெயே இல்லாமல், சின்னத் தீயில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். அங்கங்கே கறுத்தாலும் நல்லதுதான். அவர்கள் ஊரில் இதைத் தணலில் சுடுவார்கள், அந்தக் கறுப்பிலும் ஒரு ருசி. உங்கள் ஊர் மூடுபனியில் பிரெட் சீக்கிரம் இளகிவிடும், அதனால் நீ இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சுடு. சூட்டோடு ஒரு பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி அதன் மேல் தேய். சுட்ட ரொட்டி சொரசொரவென்று இருப்பதால் பூண்டு அதிலேயே துருவிக்கொண்டு கரையும். பூண்டை நசுக்கித் தக்காளியில் போட்டால் பச்சை வாடை தூக்கலாக இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன். எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று போட்ட சின்ன பாட்டில் போதும். நம்ம செக்கு நல்லெண்ணெயை ஊற்றினால் என்ன என்று வீட்டுக்காரர் ஊற்றிப் பார்த்தார். மோசமில்லை, ஆனால் மிளகாய்ப் பொடி எங்கே என்று நாக்கு தேடுகிறது.

உண்மையில் புருஸ்கெட்டா அவ்வளவுதான்: சுட்ட ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு. இத்தாலியில் ஆலிவ் ஆட்டுகிற பருவத்தில் புது எண்ணெயை இப்படித்தான் ருசி பார்ப்பார்களாம். தக்காளி இதன் மேல் ஏறியது பின்னால்தான், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அங்கே போய்ச் சேர்ந்த சரக்கு. ஆறின ரொட்டியை வீணாக்காத ஏழைச் சாப்பாடு இந்தப் புருஸ்கெட்டா. ஹோட்டல்காரர்கள் இதற்கு வாங்குகிற விலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தக்காளிதான் விஷயம். நாட்டுத் தக்காளியில் மணமும் புளிப்பும் உண்டு, தண்ணீர் ஜாஸ்தி. ஆப்பிள் தக்காளியில் சதை உண்டு, ருசி சப்பை. இரண்டையும் கலந்துகொள். ஃபிரிட்ஜில் வைக்காதே, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் அதன் மணம் மங்கிவிடும். பொடியாக நறுக்கி உப்புப் போட்டு வடிகட்டியில் கால் மணி நேரம் வை. உப்பு தண்ணீரை இழுத்துவிடும், ரொட்டி சொதசொதக்காது. வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. நான் ரசத்தில் ஊற்றிவிடுகிறேன் (பேரனுக்குச் சொல்லவில்லை).

மேலே போடுகிற இலைக்குத் துளசி வேண்டாம், கிராம்பு வாடை அடிக்கும். பூக்கடையில் திருநீற்றுப் பச்சிலை கேள், சப்ஜா விதை வருகிற செடி. அவர்கள் போடுவதும் அந்தக் குடும்பம்தான், பேசில் என்பார்கள். கிடைக்காவிட்டால் கொத்தமல்லி. இத்தாலிக்காரன் யாரும் உன் வீட்டுக்கு வந்து கேட்கப்போவதில்லை.

சீஸ் போடலாமா என்று கேட்டிருந்தாய். தக்காளி நன்றாக இருந்தால் தேவையில்லை என்பது என் கட்சி. மகள் அதற்கு நேர் எதிர்க்கட்சி. போடுவதானால் மொஸரெல்லாவைத் துருவி, ரொட்டி கல்லில் இருக்கும்போதே தூவி மூடி வைத்து உருக்கிவிடு, தக்காளியை இறக்கின பிறகு வை. தக்காளி வெந்தால் சட்னிதான். ஒரு லாபமும் உண்டு: உருகின சீஸ் நடுவில் நிற்பதால் ஈரம் ரொட்டிக்குள் சீக்கிரம் இறங்காது. கட்டி சீஸ் என்று டப்பாவில் வருகிறதே, அதுவும் உருகும், ஆனால் நூல் இழுக்காது. பனீர் உருகவே உருகாது, எலுமிச்சை விட்டுத் திரித்த பாலுக்கு அந்தக் குணம் கிடையாது. உனக்குப் பனீர்தான் கிடைக்கிறது என்றால் உதிர்த்துப் போட்டு மிளகைத் தட்டித் தூவிக்கொள். மிளகுக்கு உனக்கென்ன பஞ்சம், வேலியெல்லாம் அதுதானே படர்ந்து கிடக்கிறது.

என் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் முனகுகிறது, அதனால் தக்காளி பறிக்கிற வேலை எனக்கு இல்லை. பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, சம்பந்தி வீட்டாருக்கு ஏக சந்தோஷம்.

கோடை விழாக் கூட்டத்தில் என்னால் மலை ஏற முடியாது, பங்குனியிலேயே வந்துவிடலாம் என்றிருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கும். ஒரு கூடை தக்காளியும் வரும், வேண்டாம் என்று சொல்லாதே. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? அதைப் பார்த்துத்தான் நாங்கள் வருகிற நாளைக் குறிக்க வேண்டும், மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரி