பிப்ரவரி 14: நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணின் தாய் எழுதுகிறேன். பிப்ரவரி பிறந்தால் சில கல்லூரிகளில் ஒரு சுற்றறிக்கை வரும். காதலர் தினமான 14ஆம் தேதி சிவப்பு உடை கூடாது, பூ கூடாது, வாழ்த்து அட்டை கூடாது. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். போன வருடம் என் மகள் பையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து, எல்லார் முன்னாலும் யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். தோழியின் பிறந்தநாளுக்கு வாங்கியது. காதலுக்கென்றே வாங்கியிருந்தாலும் அப்படி நிறுத்திவைத்துக் கேட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் வழக்கு. அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.

நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத நாள் என்று காரணம் சொல்கிறீர்கள். சரி, அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? வாலன்டைன் என்ற பெயரில் ரோமில் ஒரு பாதிரியாரும் தெர்னி நகரில் ஓர் ஆயரும் நினைவுகூரப்படுகிறார்கள்; இருவரும் ஒருவரே என்பாரும் உண்டு. பேரரசன் கிளாடியஸ் படைவீரர்களின் கல்யாணத்துக்குத் தடை போட்டான், வாலன்டைன் ரகசியமாக மணம் முடித்துவைத்தார் என்று வருடாவருடம் வாட்ஸப்பில் சுற்றும் கதைக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே அவர் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது.

அந்த நாளில் காதலைக் கொண்டுவந்தவர்கள் கவிஞர்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், புனித வாலன்டைன் நாளில் பறவைகள் கூடித் தத்தம் துணையைத் தேர்வதாகப் பாடினார். அதில் ஒரு பெண் கழுகை மூன்று ஆண் கழுகுகள் விரும்பிக் கேட்கின்றன. எனக்கு ஒரு வருடம் அவகாசம் வேண்டும் என்கிறது அது. இயற்கை அன்னை சம்மதிக்கிறாள். யாரும் அதை வற்புறுத்தவில்லை. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்கு இதே மாதம் போய்ப் பாருங்கள், ஊருக்குள் மரங்களிலேயே நாரைகள் ஜோடி ஜோடியாகக் கூடு கட்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாலன்டைன் கடிதம் 1477இல் மார்ஜரி புரூஸ் என்ற பெண் ஜான் பாஸ்டனுக்கு எழுதியது. கடிதத்தின் நடுவே இருப்பது சீதனப் பேச்சு! அப்பாவிடம் அம்மா எவ்வளவோ மன்றாடிவிட்டாள், இதற்குமேல் அவர் தரமாட்டார், உங்களுக்கு உண்மையில் அன்பிருந்தால் அதற்காக என்னைக் கைவிடமாட்டீர்கள் என்கிறாள். எத்தனை பவுன் என்று கேட்டு நின்றுபோன கல்யாணங்களை நம் தெருக்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மார்ஜரிக்கு அதே வருடம் ஜானோடு கல்யாணம் நடந்தது. இந்தக் கடிதத்தைப் படிக்க நம் பிள்ளைகளுக்கு எந்தப் பண்பாடு தடை சொல்லும்?

வாழ்த்து அட்டையும் சாக்லெட் பெட்டியும் 19ஆம் நூற்றாண்டு வியாபாரம். அவற்றுக்காக நான் வாதாடவில்லை.

வில் ஏந்திய மன்மதன் மட்டும் அந்நியனா? ரோமானியரின் கியூபிட் கையில் அம்பு என்றால், நம் காமன் கையில் கரும்பு வில்லும் ஐந்து மலர்க் கணைகளும். ஸ்ரீவில்லிபுத்தூர், 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அந்த ஊர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே தையிலும் மாசியிலும் காமதேவனுக்கு நோன்பிருந்துதான். பிப்ரவரி 14 மாசி பிறக்கும் சமயம். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனால் ரதியும் மன்மதனும் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். அங்கேயே இன்னொரு தூணில் ஒரு குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். நாயக்கர் காலத்துச் சிற்பி அதைக் கோயிலுக்குள் வைக்கக் கூச்சப்படவில்லை.

ஆனால் 2025 ஜூலையில் இதே பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலும் சாதியும்தான் காரணம் என்று ஊரே பேசியது. அதற்குப் பிறகும் ஒரு ரோஜாவைக் குற்றப் பொருள்போல் நாம் பறித்துக்கொண்டிருந்தால், காதலே குற்றம் என்று அரிவாள் எடுப்பவனுக்குத்தான் அது தைரியம் கொடுக்கும். வயது வந்த இருவர் மனமொத்து மணம் செய்ய குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எத்தனை வகுப்பறைகளில் வாசித்திருக்கிறோம்?

அதனால் கேட்கிறேன். இந்த வருடம் சுற்றறிக்கை வேண்டாம், பைச் சோதனையும் வேண்டாம். அதற்குப் பதிலாக அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் இந்தக் கதைகளைச் சொல்லட்டும். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதோடு விலகிவிட வேண்டும், பின்னால் சுற்றக் கூடாது என்பதைப் பையன்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஓர் ஆசிரியையின் பெயரையும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்புறம், அந்த வகுப்புக்குப் பெற்றோரையும் கூப்பிடுங்கள். நான் வருவேன். என் வீட்டுக்காரரையும் அவர் தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்